பூவுக்கும் புழுவுக்கும் நடுவே

இறைவனுக்குச் சாத்தும் மலர் எப்படியிருக்க வேண்டும் என்பதற்குப் பெரியோர்கள் பல விதிகளை வகுத்துள்ளனர். வாடிய மலர் ஆகாது. முகர்ந்த மலர் ஆகாது. பவழமல்லி போன்ற ஒன்றிரண்டைத் தவிர, தரையில் உதிர்ந்த மலரும் ஆகாது. புழு அரித்ததும் பூச்சி கடித்ததும் அறவே ஆகாது. கடையில் பூ வாங்குவோருக்கு இவ்விதிகள் எளியவை. கெட்டதை ஒதுக்கிவிட்டு நல்லதை எடுத்துக்கொள்ளலாம். வீட்டிலேயே செடி வளர்த்து, விடியலில் எழுந்து, தம் கையால் கொய்து பூஜை செய்வோருக்குத்தான் சங்கடம். புழு அரிக்காத மலர் வேண்டுமென்றால், அந்தப் புழுவை என்ன செய்வது?

திருவானைக்காவலில் ஒரு வீட்டில் இக்கேள்வி ஒரு பங்குனி மாதத்தில் எழுந்தது. அதற்கு விடை கிடைக்க மார்கழி வரை ஆயிற்று.

அந்த வீட்டில் இருப்பவர்கள் மூவர். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர், அவருடைய மனைவி, தொண்ணூற்றொரு வயதைக் கடந்த அவருடைய தாயார். தாயார் படுக்கையோடு இருப்பவர். பார்வை மங்கிவிட்டது, நினைவு மங்கவில்லை. காலையில் அவருக்கு இரண்டு வேண்டும்: ஒரு கரண்டி துளசித் தீர்த்தம், கையில் வைத்துத் தடவிப் பார்க்க ஒரு செம்பருத்திப் பூ. அந்த அடுக்குச் செம்பருத்தி, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அவரே பதியன் போட்டு வைத்தது. வீட்டின் பின்புறத்தில் அதனோடு நந்தியாவட்டை, அரளி, எலுமிச்சை, தொட்டியில் ஒரு வில்வக் கன்று, மாடத்தில் துளசி, வேலியோரம் நான்கைந்து கத்தரிச் செடிகள் ஆகியவையும் இருந்தன.

அந்தப் பங்குனியில் செம்பருத்தியின் கொழுந்துகளில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளை படர்ந்தது. மொட்டுகள் மலராமலே பழுத்து உதிர்ந்தன. இலைகள் சுருண்டு, கறுத்து, பிசுபிசுத்தன. மாவுப்பூச்சி. பெரியவருக்குப் பொறுக்கவில்லை. கடைத்தெருவுக்குச் சென்று, கடைக்காரர் எடுத்துக் கொடுத்த பூச்சி மருந்தை வாங்கி வந்து, மாலையில் செடி முழுவதும் நனைய அடித்துவிட்டார்.

மறுநாள் காலையில் மனைவி பூக்கூடையோடு பின்கட்டுக்குப் போனவர், வெறும் கூடையோடு திரும்பி வந்தார்.

"என்னங்க, இந்த வாசனையோட பூவை எப்படிச் சாமிக்கு வைக்கிறது?" என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "காத்து துளசி மாடத்துப் பக்கம்தானே அடிச்சுது?" என்றார்.

பெரியவர் பதில் சொல்லவில்லை. குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அதன் மேலட்டையில் சாய்சதுரமாக ஒரு குறி இருந்தது. அதன் கீழ்ப்பாதி மஞ்சள் நிறம். நம் நாட்டில் விற்கும் பூச்சிக்கொல்லிகள் எல்லாவற்றிலும் இந்தக் குறி உண்டு. சிவப்பு என்றால் கடும் நஞ்சு, அடுத்த நிலை மஞ்சள், அதற்கடுத்தது நீலம், பச்சை ஓரளவு நஞ்சு குறைந்தது. மேலும் அது செடியின் சாற்றோடு கலந்து இலை, மொட்டு, தேன், மகரந்தம் என்று எங்கும் பரவுகிற வகை மருந்து. கழுவினால் போகாது. மனைவி மட்டும் கவனிக்காமல் இருந்திருந்தால், அன்றைய துளசித் தீர்த்தம் வழக்கம் போலத் தாயாரின் வாய்க்குள் போயிருக்கும்.

அன்று மாடத்துத் துளசியை வேரோடு எடுத்து, மண்ணையும் மாற்றி, புதிய விதை தூவினார்கள். பின்கட்டுப் பூக்களை ஒரு மண்டலத்துக்குத் தொடுவதில்லை என்று முடிவாயிற்று. தெருவில் வரும் பூக்காரியிடம் வாங்கிய பூ பூஜையறைக்குப் போயிற்று. தாயார் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நம்ம பூ இல்லையே, ராசா" என்றார். நடந்ததைக் கேட்டதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "விஷத்துக்கு மருந்துன்னு பேர் வச்சது யாரு?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு மண்டலக் காவல்

மருந்து அடித்த சில நாட்களில் மாவுப்பூச்சி மறைந்தது. ஆனால், மண்டலம் முடிவதற்குள்ளாகவே கீழ்க்கிளைகளில் மறுபடியும் வெள்ளை தென்பட்டது. பணிமனையில் நாற்பது ஆண்டுகள் எந்திரங்களோடு பழகியவருக்கு இது புரிந்த விஷயம். சரிசெய்த பழுது திரும்பி வருகிறதென்றால், பழுதைத்தான் சரிசெய்தோம். காரணத்தைத் தொடவில்லை என்று பொருள். அவர் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, காலையும் மாலையும் செடியின் அருகே உட்கார்ந்து பார்க்கலானார்.

பார்த்தபோது தெரிந்தது, செடியில் மாவுப்பூச்சி மட்டும் இல்லை என்பது. சுவரோரமாக வந்த எறும்புச் சாரை ஒன்று, சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த கிளை வழியாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. மாவுப்பூச்சியும் அசுவினியும் செடியின் சாற்றை உறிஞ்சி, மிஞ்சியதைத் தேன் போன்ற துளிகளாக வெளியேற்றும். அத்துளிகளுக்காக எறும்புகள் அவற்றை மேய்ச்சல் மாடுகளைப் போலக் காக்கும். அவற்றைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டும். சில வேளைகளில் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குத் தூக்கிக்கொண்டும் போகும். இலையில் படிந்த அந்தத் தித்திப்பின் மேல் வளர்ந்த பூஞ்சைதான் அந்தக் கறுப்பு. 

இதைக் கேட்ட தாயார் சிரித்தார். "பலகார அலமாரிக் காலைத் தண்ணிக் கிண்ணத்துல வைக்கிறோமே, அது எதுக்கு?" என்றார்.

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. சுவரைத் தொட்ட கிளைகளைப் பெரியவர் வெட்டினார். பழைய வேட்டியைக் கிழித்து அடித்தண்டில் ஒரு சுற்றுச் சுற்றி, அத்துணியில் விளக்கெண்ணெய் தடவினார். எண்ணெய் காயக் காய, நான்கு நாட்களுக்கு ஒருமுறை புதிதாகத் தடவினார். தொட்டிச் செடிகளை அகன்ற தட்டில் நீர் ஊற்றி, நடுவில் செங்கல் வைத்து, அதன்மேல் ஏற்றினார். கொசு முட்டையிடாதபடி தட்டு நீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றும் பொறுப்பை மனைவி ஏற்றார். தேய்ப்புக் கடையிலிருந்து கரிச்சாம்பல் வாங்கிச் சலித்து எறும்புப் பாதையில் தூவினார்கள். எறும்புகள் கொல்லப்படவில்லை, அவற்றின் வழிதான் அடைக்கப்பட்டது. காவலாளி இறங்கியதும் மாவுப்பூச்சியின் பெருக்கம் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது.

அடுத்த வைத்தியம் நீர். திருவானைக்காவல் அப்புத்தலம், கருவறையிலேயே நீர் ஊறும் திருத்தலம். அவ்வூரில் இருந்துகொண்டு நீரை மறந்துவிட்டோமே என்று பெரியவர் வருந்தியது உண்டு. அரளியின் நுனியில் அப்பிய மஞ்சள் அசுவினியையும், கோடையில் இலையின் அடிப்புறத்தில் வலை பின்னும் செம்பேனையும் விரட்ட, வேகமாகப் பீய்ச்சிய நீரே பெரும்பாலும் போதும். இலையின் மேற்புறத்தில் அல்ல, அடிப்புறத்தில் படவேண்டும். காலையில் செய்தால் வெயிலில் இலை காய்ந்துவிடும். முற்றிலும் பூச்சி அடைந்த கிளையை வெட்டி அப்புறப்படுத்திவிடுவது நல்லது. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர், தம் பிருகத் சம்ஹிதையில் விருட்சாயுர்வேதம் என்று ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார். நோயுற்ற மரத்துக்கு அவர் கூறும் முதல் சிகிச்சை, கெட்ட பகுதியைக் கருவியால் சீவிச் சுத்தம் செய்வதுதான். வாய்விடங்கம், நெய், சேறு கலந்த பூச்சும், பால் கலந்த நீரும் அதற்குப் பிறகே வருகின்றன.

ஆடி மாதத்து வேம்பு

அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும் ஆடியில் வேப்பம்பழங்கள் உதிரும். தெருமுனை வேம்பின் அடியில் பெரியவர் குனிந்து பழம் பொறுக்குவதைக் கண்டு சிலர் வேடிக்கையாகப் பேசினர். அவர் பழத்தின் சதையைக் கழுவி நீக்கி, கொட்டையை நிழலில் உலர்த்தி, காற்றாடும் துணிப்பையில் சேர்த்து வைத்தார். 

வேம்பு வேலை செய்யும் விதம் வேறு. அதன் விதையில் அசாடிராக்டின் என்னும் பொருள் இருக்கிறது. அது தொட்டவுடன் கொல்லும் நஞ்சன்று. பூச்சிக்கு அந்த இலையை உண்ண மனம் வராமல் செய்யும். மீறி உண்ட இளம்பூச்சி தோலுரித்து வளர்வதைத் தடுக்கும். 1959-இல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து மற்ற மரங்களை மொட்டையாக்கிச் சென்றபோது, வேப்பமரங்கள் மட்டும் பசுமையாக நின்றதை ஹைன்ரிஷ் ஷ்முட்டரர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் கண்டார். அதன் பின்னரே மேலைநாட்டு ஆய்வுக்கூடங்கள் வேம்பை ஊன்றிக் கவனிக்கத் தொடங்கின. வேப்பெண்ணெயால் செடிகளின் பூஞ்சை நோயைத் தடுக்கும் முறைக்கு 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அமெரிக்க வேளாண்மைத் துறைக்கும் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கும் காப்புரிமை வழங்கியது. இது இந்தியாவில் வழிவழியாக அறிந்த செய்திதான் என்று எதிர்ப்பு எழ, 2000-இல் அது நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005-இல் தள்ளுபடியாயிற்று. நம் பாட்டிமார் நெல்லுக்குள் வேப்பிலை போட்டு வைத்ததற்குக் காப்புரிமை கேட்டவர் எவருமில்லை.

அந்த வீட்டில் கைக்கொண்ட முறைகள் இரண்டு. முதலாவது வேப்பங்கொட்டைச் சாறு. ஓட்டை நீக்கிய பருப்பு ஐம்பது கிராமை இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டும். காலையில் முடிச்சைப் பலமுறை பிழிந்து, பால்போல வரும் சாற்றை வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, அன்று மாலையே தெளித்துவிட வேண்டும்.

இரண்டாவது வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய். எண்ணெய் நீரில் கலவாது. ஆகவே முதலில் எண்ணெயோடு அரைத் தேக்கரண்டி சோப்புக் கரைசலை வெண்மையாகும்வரை குழைத்து, பிறகு நீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். சலவைத்தூள் கூடாது, இலையைக் கருக்கிவிடும். மாவுப்பூச்சியின் மேல் மெழுகு போன்ற ஒரு கவசம் இருப்பதால் வெறும் நீர் அதன்மேல் ஒட்டாது; சோப்புதான் அந்தக் கவசத்தைக் கரைக்கும். 

எந்தக் கரைசலையும் முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளித்து, ஒரு நாள் பொறுத்துப் பார்த்த பின்பே செடி முழுவதற்கும் தெளிக்க வேண்டும். வெயிலில் வேம்பின் வீரியம் விரைவில் போய்விடும். எண்ணெய் பட்ட இலையும் கருகும். ஆகவே மாலைதான் ஏற்ற நேரம். மலர்ந்த பூக்களின் மேலும், தேனீ வரும் வேளையிலும் தெளிக்கலாகாது. வாரம் ஒருமுறை, பூச்சி குறையும்வரை செய்தால் போதும். பூச்சி இல்லாத செடிக்கு எதுவும் தேவையில்லை.

இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்த கரைசலும் பலர் கையாளும் முறைதான். பூண்டு நிவேதனத்தில் விலக்கு என்பதால், பூஜைக்கான செடிகளில் அதைத் தெளிக்க மனைவி ஒப்பவில்லை. கத்தரிச் செடிகளோடு நின்றது. அரைக்கும்போதும் தெளிக்கும்போதும் கண்ணையும் மூக்கையும் துணியால் காத்துக்கொள்ள வேண்டும். காற்றுக்கு எதிராக நிற்கக் கூடாது. புகையிலையை ஊறவைத்துத் தெளித்தால் எல்லாம் ஓடிவிடும் என்று ஓர் அன்பர் யோசனை கூறினார். பெரியவர் வணக்கத்தோடு மறுத்துவிட்டார். புகையிலையும் இயற்கைதான், ஆனால் அதிலுள்ள நிகோடின் தோல் வழியாகவும் உடலில் ஏறக்கூடிய கடும் நஞ்சு. அரளியும் இயற்கைதானே! இயற்கை என்ற ஒரு சொல்லே பாதுகாப்பாகிவிடாது என்பதை அவர்கள் வீட்டுத் தோட்டமே சொல்லிக்கொண்டிருந்தது.

துளசிக்கு மட்டும் தனி விதி. துளசி இலையை உறிஞ்சிச் சுருட்டி, அடியில் கரும்புள்ளி இடும் கண்ணாடிச் சிறகுப் பூச்சி ஒன்று உண்டு. அதற்கு நீரும் கையும் மட்டுமே. சுருண்ட நுனிகளைக் கிள்ளி எடுத்தால் துளசி மறுபடி தழைக்கும். வாய்க்குள் போகும் தீர்த்தத்துக்கு உரியதில் வேப்பெண்ணெயும் படலாகாது என்று மனைவி சொல்லிவிட்டார். பங்குனியில் கற்ற பாடம் அது.

கொல்லப்பட்ட விருந்தாளி

ஆவணியில் ஒரு நாள் செம்பருத்தியின் ஒரு கிளையில் வெள்ளை மீண்டும் தலைகாட்டியது. முன்பு கண்டவற்றைவிடப் பெரியவையாக, பஞ்சுத் திரிகளைச் சுமந்து, சுறுசுறுப்பாக ஊர்ந்துகொண்டிருந்தன சில. 'இவ்வளவு பெரிதாக வளர்ந்துவிட்டதா!' என்று பெரியவர் பதறி, அன்று மாலையே கரைசலை அவற்றின்மேல் நன்றாகத் தெளித்தார். மறுநாள் அவை இறந்து கிடந்தன. அவருக்கு நிறைவு.

வேளாண் கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் அன்று தாயாரைப் பார்க்க வந்தவள், பின்கட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "தாத்தா, இது மாவுப்பூச்சி இல்லை. மாவுப்பூச்சியைத் தின்கிற பொறிவண்டோட புழு. பார்க்க அதைப்போலவே இருக்கும். நீங்க சாகடிச்சது உங்களுக்கு உதவி செய்ய வந்ததை" என்றாள்.

அவள் இன்னொரு வரலாற்றையும் சொன்னாள். 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி என்ற அயல்நாட்டுப் பூச்சி காணப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று கண்ட செடிகளிலெல்லாம் பரவித் தமிழகத்து உழவர்களைக் கலங்கடித்தது. எத்தனை மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010-இல் அமெரிக்கக் கண்டத்திலுள்ள போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகைச் சிறு குளவிகளைப் பெங்களூருவுக்குக் கொண்டுவந்து, வளர்த்து, வயல்களில் விட்டார்கள். கடுகைவிடச் சிறிய அந்தக் குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். மருந்துகளால் ஆகாததை அவை சாதித்துக் கொடுத்தன. பூச்சிமருந்தை நிறுத்திய இடங்களில்தான் அவை நிலைத்தன என்றும் அவள் சொன்னாள்.

அன்று மாலை பெரியவர் முக்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பங்குனியில் செய்த பிழைக்குக் கடைக்குப்பியைக் குறை கூறலாம். இந்தப் பிழைக்கு யாரைக் கூறுவது? கரைசல் வீட்டில் செய்தது, வேம்பு அம்மனுக்கு உகந்தது, கையும் அவருடையது. பார்க்காமல் அடித்தார் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

இரவு தாயாரிடம் அதைச் சொன்னார். அவர் ஆறுதல் கூறவில்லை. "இனிமே எதையாச்சும் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கோ, ராசா. அது எல்லாத்தையும் தின்னுதா, கொஞ்சம் தின்னுதா?" என்றார்.

ஈ, எறும்பு, சிலந்தி

திருச்சியைச் சுற்றி வாழ்வோருக்கு ஒரு பேறு உண்டு. திருவானைக்காவலில் ஒரு சிலந்தி, வெண்நாவல் மரத்தின் சருகுகள் இறைவன் திருமேனியில் விழாதபடி மேலே வலை பின்னிப் பந்தலிட்டது; அதுவே மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனாகி மாடக்கோயில்கள் எழுப்பியது. தஞ்சாவூர்ச் சாலையிலுள்ள திருவெறும்பூரில் தேவர்கள் எறும்பு உருவெடுத்து வழிபட்டார்கள். அவை ஏறுவதற்காக இறைவன் புற்றாகிச் சாய்ந்து கொடுத்ததாகத் தலபுராணம் கூறும். காவிரியின் வடகரையில் முசிறிக்கு அருகிலுள்ள திருஈங்கோய்மலையில் அகத்தியர் ஈயாகி உள்ளே சென்று தரிசித்தார். ஈ, எறும்பு, சிலந்தி: வீட்டில் நாம் விரட்டும் மூன்றும், கோயிலில் நம் முன்னே நிற்கும் அடியார்கள்.

திருமலையில் நந்தவனம் அமைத்துப் புஷ்ப கைங்கர்யம் செய்த அனந்தாழ்வானைப் பற்றியும் ஒரு வரலாறு உண்டு. மலையிலிருந்து இறங்கிச் சென்றவர், வழியில் கட்டுச்சோற்றை அவிழ்த்தபோது அதில் எறும்புகள் இருந்தன. திருமலையில் வாழும் பேறு பெற்ற அடியார்களைப் பிரித்துக்கொண்டு வந்துவிட்டோமே என்று கலங்கி, மீண்டும் மலையேறி அவற்றை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினாராம். தோட்டம் வைத்துப் பூக்கொய்தவரின் வரலாறு இது. தோட்டத்தின் தொல்லைகளை அவர் அறியாதவரல்லர்.

ஐப்பசி மழைக்குப் பின் வில்வக் கன்றில் பறவையின் எச்சம் போலச் சில புழுக்கள் தோன்றின. நான்கைந்து நாட்களில் அவை பச்சை நிறமாகிக் கொழுத்தன. தொட்டால் தலையருகே சிவப்பாக இரு கொம்புகளை நீட்டி, ஒருவகை நெடியை வீசின. கன்றில் மிஞ்சியிருந்தவை சில இலைகளே. சோமவாரத்துக்கு வில்வம் வேண்டும். பெரியவரின் கை தெளிப்பானை நோக்கிச் சென்றது. மனைவி தடுத்தார்.

"அத்தை சொன்னதை நினைச்சுப் பாருங்க. இந்தச் சின்னக் கன்றுல எல்லாத்தையும் தின்னுது. அந்த எலுமிச்சையில விட்டா கொஞ்சம்தானே தின்னும்?"

வில்வமும் எலுமிச்சையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அப்புழுவுக்கு இரண்டும் உணவு. ஒரு குச்சியால் ஒவ்வொன்றாக ஏந்தி எலுமிச்சை மரத்தில் விட்டார்கள். பெரிய மரத்துக்குச் சில இலைகள் போனது கணக்கில்லை. சில நாட்களில் அவை கூட்டுப்புழுவாகிக் கிளையோடு ஒட்டிக்கொண்டன. ஏறத்தாழப் பத்து நாட்கள் கழித்து ஒரு காலையில், கறுப்பில் இளமஞ்சள் புள்ளிகள் இட்ட வண்ணத்துப்பூச்சி ஒன்று ஈரச்சிறகை விரித்து வெயில் காய்ந்தது. தாயாருக்குப் பார்க்க முடியாது. மனைவி அருகில் அமர்ந்து, நிறத்தையும் புள்ளிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லக் கேட்டுக்கொண்டார். எலுமிச்சைக்கும் நந்தியாவட்டைக்கும் நடுவே இருந்த சிலந்தி வலையை மனைவி அதன் பிறகு ஒட்டடைக் கம்பால் கலைப்பதில்லை. அதில் விழும் வெள்ளை ஈக்களையும் கொசுக்களையும் பெரியவர் எண்ணிப் பார்த்து வியந்ததுண்டு.

இதனால் அந்த வீட்டில் பூச்சியே கொல்லப்படுவதில்லை என்று கூற முடியாது. மாவுப்பூச்சி ஒரு செடியை முழுவதுமாக விழுங்கும் நிலை வந்தால் பெரியவர் கரைசல் தெளிக்கத்தான் செய்கிறார். சோப்பும் வேம்பும் அவற்றில் பலவற்றைக் கொல்லத்தான் செய்கின்றன. அதை அவர் மறைத்துக்கொள்வதில்லை. அன்று மாலை விளக்கேற்றும்போது அதற்காகவும் கைகூப்புகிறார். முன்பு செடி முழுவதும் அடித்தவர், இப்போது ஒரு கிளைக்கு அடிக்கிறார். முன்பு பார்த்தவுடன் அடித்தவர், இப்போது மூன்று நாள் பார்த்த பின் அடிக்கிறார். பூ நிறைய வேண்டுமென்று உரத்தை அள்ளிப் போடுவதையும் நிறுத்திவிட்டார். அளவுக்கு மீறிய உரத்தில் வரும் இளங்கொழுந்தைத்தான் அசுவினி முதலில் தேடி வருகிறது.

மார்கழி வந்தது. விடியுமுன் குளிரில் மனைவி விளக்கோடு பின்கட்டுக்குப் போனார். செம்பருத்தியில் அன்று மூன்று பூக்கள். இரண்டு பழுதற்றவை. மூன்றாவதன் ஓர் இதழை ஏதோ ஒன்று அரை வட்டமாகக் கடித்திருந்தது. ஒன்று பூஜையறையில் அம்பாளின் திருவடிக்குச் சென்றது. மற்றொன்றைத் தாயாரின் கையில் வைத்தார்.

தாயார் இதழ்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "நம்ம பூதான்" என்றார். பிறகு, "இன்னிக்கு எத்தனை பூத்துது?" என்று கேட்டார்.

"மூணு, அத்தை. ஒண்ணைப் பூச்சி கடிச்சிருக்கு. செடியிலேயே விட்டுட்டேன்."

"இருக்கட்டும்" என்றார் தாயார். "அது அதோட பங்கு."

துளசித் தீர்த்தம் வந்தது. பெரியவரே கரண்டியால் எடுத்துத் தம் தாயாரின் வாயில் விட்டார்.